மூன்று பாட்டில் ரத்தமும் கொஞ்சம் கல்லுப்பும்

வெளிநாடு போய் வருகிறவர்கள் டார்ச் லைட் வாங்கி வருவார்கள், சென்ட் பாட்டில் வாங்கி வருவார்கள். நான் ரத்தம் வாங்கப் போனேன். கிளம்புமுன் சொல்லிக்கொள்ளப் போனபோது என் சித்தப்பா, "நம்மூர்க் கொசுவெல்லாம் உள்ளூர்லயே குடிச்சிக்குது, நீ மட்டும் கப்பல் ஏறிப் போய்க் குடிக்கணுமா?" என்று கேட்டார். எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் வாய் இப்படித்தான். எனக்குக் கொஞ்சம் கூடுதல்.

நான் சென்னையில் ஒரு ஆராய்ச்சிக் கூடத்தில் கண்ணாடிச் சாமான் கழுவுகிறவன். பத்தாம் வகுப்பில் கணக்கு என்னைக் கைவிட்டது. நானும் அதைத் தேடிப் போகவில்லை. எனக்கு மேலே வசந்தா மேடம். அவர் பெயருக்குப் பின்னால் பட்டங்கள் ரயில் பெட்டி போல வரும். நான் பத்து வார்த்தை பேசினால் அவர் ஒன்று பேசுவார். அந்த ஒன்றும் "கழுவியாச்சா?" என்பதாக இருக்கும்.

மேடத்தின் வேலையை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். நம் ரத்தத்தின் சிவப்பணுவுக்குள் ஒரு நொதி இருக்கிறது. அது ஒழுங்காக வேலை செய்யும்வரை சிவப்பணு எதையும் தாங்கும். அது மக்கர் செய்தால், மலேரியாவுக்குக் கொடுக்கிற ஒரு வகை மாத்திரையே போதும், ரத்தம் உடம்புக்குள்ளேயே உடைந்துபோகும். அந்த நொதியைத் தனியாகப் பிரித்து, உப்புக் கரைசலில் விட்டுக் கற்கண்டு போலப் படிகமாக வளர்த்து, அது எங்கே மடிகிறது, எங்கே வளைகிறது என்று அதன் உருவத்தைக் கண்டுபிடிப்பதுதான் வேலை. நல்ல நொதியை மேடம் ஏற்கெனவே படிகமாக்கிவிட்டார். கெட்டுப்போன நொதி ஒன்று வேண்டும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் கோணல் எங்கே என்று தெரியும்.

அந்தக் கோணல் திருகோணமலையில் ஒரு மீன்பிடிக் குடும்பத்தில் இருந்தது. மேடத்தோடு சென்னையில் படித்த ஒரு டாக்டர் அங்கே டிஸ்பென்சரி வைத்திருந்தார். காய்ச்சலுக்கு மாத்திரை விழுங்கிய ஒரு இளைஞன் சிறுநீர் காபி நிறமாகி, கண் மஞ்சளாகி, சில நாட்களில் இறந்துபோனதைப் பார்த்தவர் அவர். யார் மேலும் குற்றமில்லை. அந்த ரத்தத்தைப் பற்றி அதுவரை யாருக்கும் தெரியாது. பிறகு அந்தக் குடும்பத்து ஆண்களைச் சோதித்தபோது, தாய்வழியில் பலருக்கும் அதே பழுது இருந்தது. மூன்று பாட்டில் ரத்தம் கெடாமல் சென்னை வந்து சேர்ந்தால் ஒரு கடுகளவு நொதி கிடைக்கும் என்றார் மேடம். கடுகளவுக்காகக் கடல் தாண்டினோம்.

கூடவே உள்பக்கம் தெர்மோகோல் ஒட்டிய ஒரு மரப் பெட்டியும் வந்தது. வழி நெடுக எங்களைவிடப் பெட்டிக்குத்தான் மரியாதை. சுங்க அதிகாரி அதைத் திறந்து, மூடி, மறுபடி திறந்து, ஒன்றுமில்லாத பெட்டியை ஏன் கொண்டு போகிறீர்கள் என்று கேட்டார். திரும்பி வரும்போது மனித ரத்தம் கொண்டுவர என்று உண்மையைச் சொன்னேன். அவர் இரண்டடி பின்னால் போய் எங்களை அனுப்பிவிட்டார். அதன்பிறகு அதிகாரிகளிடம் பேசுகிற பொறுப்பை மேடம் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டார்.

திருகோணமலை போகிற பஸ் காட்டு நடுவில் நின்றுவிட்டது. எல்லோரும் இறங்கினார்கள். யாரும் கத்தவில்லை, யாரும் டிரைவரின் பரம்பரையை விசாரிக்கவில்லை. சென்னையில் இந்நேரம் ஒரு கூட்டமே நடந்து முடிந்திருக்கும். ஒரு அம்மாள் தன் பையிலிருந்து அவித்த மரவள்ளிக் கிழங்கை எடுத்து, கேட்காமலே எங்கள் கையில் வைத்தார். இந்தப் பக்கம் யானை வருமா என்று கண்டக்டரிடம் கேட்டேன். வரும் என்றார். வந்தால் என்ன செய்வீர்கள் என்றேன். "டிக்கட் எடுத்தா ஏத்துவம் தம்பி" என்றார். எனக்கு அந்த நாடு பிடித்துப்போனது அந்த இடத்தில்தான்.

நகரத்தில் இறங்கினால் பஸ் நிலையத்தில் மான். கொம்பு வைத்த நிஜ மான், எங்கள் ஊர் மாடு மாதிரி வாழைப்பழத் தோல் தின்றுகொண்டு நின்றது. யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பாண் கடை வாசலில் நின்ற நீண்ட வரிசையைத்தான் எல்லோரும் பார்த்தார்கள். பாண் என்றால் நம் ரொட்டி. அது தட்டுப்பாட்டுக் காலம். அரிசி, மாவு, சீனி எல்லாம் அளந்துதான். தேநீர்க் கடையில் எனக்குக் கறுப்பாக ஒரு கோப்பையும், உள்ளங்கையில் ஒரு சிட்டிகை சீனியும் தந்தார்கள். சீனியை நக்கிக்கொண்டே தேநீரைக் குடிக்க வேண்டும். நான் அவசரப்பட்டு முதல் வாயிலேயே முழுச் சீனியையும் தின்றுவிட்டேன். பக்கத்தில் இருந்தவர் தன் உள்ளங்கையிலிருந்து பாதியை என் உள்ளங்கைக்குத் தட்டினார். அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது.

மறுநாள் டாக்டர் எங்களை இறந்துபோன இளைஞனின் அம்மாவிடம் அழைத்துப் போனார். மகேஸ்வரி அக்கா என்று எல்லோரும் கூப்பிட்டார்கள். கடற்கரையை ஒட்டிய ஓலை வீடு. வாசலில் வலை பின்னிக்கொண்டிருந்தவன் அவருடைய அடுத்த மகன் யோகன். என் வயதுதான் இருக்கும். அவனுக்கும் அதே ரத்தம். தட்டுப்பாட்டுக் காலம் என்று நான் சொன்னதை அந்த வீட்டில் மறந்துவிட வேண்டும். குரக்கன் என்கிற நம் கேழ்வரகில் புட்டு, கணவாய்க் கறி, தேங்காய்ப்பால் விட்ட சொதி. யோகன் என்னைப் பார்த்து, இந்தியாவில் சாப்பாட்டைப் பார்த்தே இல்லையா என்று கேட்டான். இருக்கிறது, ஆனால் எங்கள் ஊர் மீனுக்கு இத்தனை கால் கிடையாது என்றேன். அதிலிருந்து இரண்டு பேரும் சிநேகம்.

சாப்பாடு முடிந்ததும் மேடம் வந்த காரியத்தைச் சொன்னார். படிகம், எக்ஸ்ரே, படம் எல்லாவற்றையும் பொறுமையாகச் சொன்னார். அக்கா முழுவதும் கேட்டார்.

"படம் பிடிச்சா இவனுக்குச் சுகம் வருமோ?"

"வராதும்மா. எந்த இடத்துல கோணலா இருக்குன்னு தெரியும், அவ்வளவுதான்."

"தெரிஞ்சா?"

"அதைப் பார்த்து, பின்னால யாராவது மருந்து செய்யலாம். எப்பன்னு எனக்குத் தெரியாது. என் காலத்துல நடக்குமான்னும் தெரியாது."

அக்கா தட்டுகளை எடுத்துக்கொண்டு எழுந்தார். குசினி வாசலில் நின்று திரும்பிப் பார்த்தார். "மூத்தவனுக்கு ஒண்டும் செய்யாது, நாளைக்கு எழும்பிடுவான் எண்டுதான் எல்லாரும் சொன்னவையள். நீங்கள் ஒராள்தான் தெரியாது எண்டு சொல்லுறீங்கள். எடுங்கோ."

யோகனும், அக்காவின் தங்கை பிள்ளைகள் இருவரும் தருவதாக ஏற்பாடாயிற்று. இன்னும் ஒருவர் இருந்தால் கையிருப்பாக இருக்கும் என்று மேடம் நினைத்தார். அதனால் அக்காவின் அண்ணன் பேரம்பலத்தைப் பார்க்கக் குடாவைக் கடந்து மூதூருக்கு லாஞ்சில் போனோம். அலையில் லாஞ்ச் ஆடியபோது புட்டும் கணவாயும் என்னை விட்டுப் பிரிந்தன. எதிரே ஆட்டுக்குட்டியை மடியில் வைத்திருந்த ஒரு முஸ்லிம் பெரியவர் எலுமிச்சங்காயைக் கீறி என் மூக்கில் வைத்துப் பிடித்தார். ஆட்டுக்குட்டி என்னை ஏளனமாகப் பார்த்தது.

பேரம்பலம் ஆறடி உயரம், வயல்காரர், மீசை மட்டுமே ஒரு கட்டு நெல் இருக்கும். எருமைத் தயிரும், பாணி என்கிற பாகும் கொடுத்தார். அந்தத் தயிரைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதலாம். சட்டியைக் கவிழ்த்தாலும் விழாது, நான் கவிழ்த்துப் பார்த்தேன். ஆனால் விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் மூடிக்கொண்டது.

"வந்தது சந்தோசம். இருந்து சாப்பிட்டுப் போங்கோ. அதை மட்டும் கேக்காதேங்கோ" என்றார். வீட்டில் மூன்று பெண்கள் கலியாணத்துக்கு நிற்கிறார்கள். இந்த வீட்டு ரத்தத்தில் பழுது என்று ஊருக்குத் தெரிந்தால் எவன் வந்து கேட்பான்?

பெண்களுக்கு ஒன்றும் வராது என்று மேடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் இளகியிருப்பார். ஆனால் அப்பாவின் இந்தப் பழுதை மகள்கள் எல்லோரும் சுமப்பார்கள், அவர்கள் பெறுகிற பையன்களுக்குப் போனாலும் போகும். அதை டாக்டர் முதல் நாளே எனக்குச் சொல்லியிருந்தார். மேடத்துக்குப் பொய் சொல்ல வராது. தயிருக்கு நன்றி சொல்லிவிட்டு எழுந்தோம்.

அடுத்த நாள் டிஸ்பென்சரியில் மூன்று பேரும் ரத்தம் கொடுத்தார்கள். யோகன் படுத்துக்கொண்டே, இந்தியாவுக்குப் போகிற ரத்தத்துக்குக் கடவுச்சீட்டு வேண்டாமா என்று கேட்டான். உன் ரத்தம் எங்கள் பெட்டிக்குள் போகிறது, உன்னைப் போல நாற்றம் பிடித்தவனைத்தான் கப்பலில் ஏற்றமாட்டார்கள் என்றேன். டாக்டர் இருவரையும் வாயை மூடச் சொன்னார். மூன்று கண்ணாடிப் பாட்டில்களும் நிறைந்தன. கறுத்த சிவப்பு. மேடம் அவற்றைப் பிள்ளை தூக்குவது போலத் தூக்கினார்.

நாங்கள் கிளம்ப இன்னும் இரண்டு மூன்று நாள் இருந்தது. டாக்டரின் குளிர்சாதனப் பெட்டி பழுதாகி நின்றிருந்தது. அப்போதுதான் ஹனிபா நானா வந்தார். மூதூர்க்காரர், துறைமுகப் பக்கம் மீன் வாடி வைத்திருந்தவர். யோகன் பிடிக்கிற மீனை வாங்கி ஐஸ் போட்டுக் கொழும்புக்கு லாரியில் அனுப்புகிறவர். நானா என்றால் அங்கே அண்ணன். இறந்துபோன பையன் அவர் வாடியில்தான் ஓடித் திரிந்து வளர்ந்தவனாம். ரத்தத்தை என்னிடம் தாருங்கள் என்று அவரே கேட்டார்.

"எங்கட அறக்குளா கொழும்புக்குப் போய் இறங்கேக்குள்ளயும் கண் தெளிவா முழிச்சுப் பார்க்கும் தங்கச்சி. ஒண்டுக்கும் யோசிக்காதீங்க."

அறக்குளா என்பது நம் வஞ்சிரம். மேடம் அவரிடம், சூடு மட்டும் படக்கூடாது, எவ்வளவு குளிர்ச்சியோ அவ்வளவு நல்லது என்று சொன்னார். ஹனிபா நானா தலையாட்டினார். பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு போனார். வாடியில் இருந்த ஆட்களைத் தொட விடவில்லை.

காலையில் போனோம். நானா குளித்துச் சட்டை மாற்றி எங்களுக்காகக் காத்திருந்தார். பெட்டியின் மூடியைத் திறந்தார்.

மூன்று பாட்டிலும் கழுத்திலிருந்து அடி வரை வெடித்திருந்தன. உள்ளே ரத்தம் சிவப்புப் பனிக்கட்டியாக நின்றது. வெடிப்பு வழியாகக் கசிந்தது சுற்றியிருந்த ஐஸையும் சிவப்பாக்கியிருந்தது. எனக்கு எந்த நேரமும் வாயில் ஒரு கிண்டல் தயாராக இருக்கும். அன்றைக்கும் குச்சி ஐஸ் என்று ஏதோ ஒன்று நாக்கு வரை வந்தது. மேடத்தின் முகத்தைப் பார்த்தேன். விழுங்கிவிட்டேன்.

மேடம் ஐஸில் விரலை வைத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். "உப்பு போட்டீங்களா?"

"ஓம். கல்லுப்பு. நிலாவெளி உப்பு, நல்ல உப்பு." நானாவுக்கு இன்னும் விளங்கவில்லை. "நல்ல மீனுக்குத்தான் தங்கச்சி உப்புப் போடுறது. மட்ட மீனுக்குச் சும்மா ஐஸ்தான்."

உப்புக் கலந்த ஐஸ் வெறும் ஐஸைவிடப் பல மடங்கு குளிரும். மீனுக்கு நல்லது, நாள்பட நிற்கும். ரத்தம் உறைந்து, விரிந்து, கண்ணாடியை உடைத்துவிட்டது. சிவப்பணு எல்லாம் சிதறி அழுக்குத் தண்ணீரோடு கலந்துவிட்டது. இனி அதிலிருந்து எதையும் பிரிக்க முடியாது. இதை மேடம் மெதுவாகச் சொல்லச் சொல்ல, நானாவின் கை பெட்டி மூடியை விட்டு இறங்கியது. 

மேடம் ஒரு மீன் பெட்டியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தார். பட்டுக்கரைச் சேலையோடு, மீன் செதில் மேல். "தப்பு என்னுதுதான்" என்றார். "எவ்வளவு குளிர்ச்சியோ அவ்வளவு நல்லதுன்னு சொன்னது நான். இதுல உங்க மேல ஒண்ணுமில்ல. நாங்களும் உப்புப் போடுறவங்கதான், ஆனா கடைசியில." அவர் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

அக்காவிடம் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது. நானா தானும் வருவேன் என்று பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார். விஷயத்தைக் கேட்டு அக்கா அழுவார் என்று நினைத்தேன். அவர் ஒன்றுதான் கேட்டார்: அதை எங்கே ஊற்றப் போகிறீர்கள்? மீன் கழுவுகிற தண்ணீர் ஓடும் கானில் மட்டும் ஊற்றவேண்டாம் என்றார். ஹனிபா நானா அலை எட்டாத இடமாகப் பார்த்து, தாழை மரத்தடியில், தன் கையாலேயே மணலைத் தோண்டினார். மண்வெட்டி கொண்டு வந்து கொடுத்தார்கள். வாங்கவில்லை. நல்ல சட்டை முழுக்க மணல்.

யோகன் தன் வலது கையைத் தடவிக்கொண்டே நின்றான். "இடது கை கிடக்குத்தானே மேடம். இன்னொருக்கா எடுங்கோ" என்றான்.

மேடம் மறுத்துவிட்டார். ஒருமுறை எடுத்த ஆளிடம் மறுபடி எடுக்க மாதங்கள் ஆக வேண்டும். அதிலும் இவர்கள் ரத்தத்தோடு விளையாடக்கூடாது. எங்களுக்கோ அவ்வளவு நாள் தங்க அனுமதி இல்லை. அக்கா குழியை மூடி முடித்த நானாவைப் பார்த்து, "நானா, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ" என்றார். அவர் குடிக்கவில்லை. கையைக் கழுவிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் இறங்குதுறைப் பக்கம் போனார். வெட்கத்தில் வீட்டுக்குப் போகிறார் என்று நினைத்தோம்.

அன்றைய பொழுது மிக நீளமாக இருந்தது. மேடம் காலிப் பெட்டியைக் கொதிநீர் ஊற்றிக் கழுவினார். என் வேலையை அவர் செய்ததைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. வெறுங்கையோடு திரும்பினால் நல்ல நொதிக்குப் பக்கத்தில் வைக்க ஒன்றும் இருக்காது. இப்படி ஒரு குடும்பம் இன்னொன்று எங்கே கிடைக்கும் என்று தேடவேண்டும். நான் பழகிய மாதிரி பேசிப் பார்த்தேன்: சென்னையில் போய் ரத்தம் தீர்ந்துபோச்சு, தயிர்தான் கிடைச்சுது என்று சொல்லிவிடலாம் மேடம். அவர் சிரிக்கவில்லை, ஆனால் போ என்றும் சொல்லவில்லை.

மறுநாள் மத்தியானம் நானும் யோகனும் இறங்குதுறையில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தோம். மூதூர் லாஞ்ச் வந்தது. முதலில் இறங்கியவர் ஹனிபா நானா. முந்தின நாள் சட்டை அப்படியே. அவருக்குப் பின்னால் ஒரு மீசை. யோகன் எழுந்து நின்றுவிட்டான். பேரம்பலம், சலவை வேட்டி சால்வையோடு. அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு நடுத்தர வயதுக்காரர்கள்; அவருடைய சின்னம்மாவின் பிள்ளைகளாம். லாஞ்சில் பாதி மூதூரே வந்திருந்தது, எல்லோரும் பார்த்துக்கொண்டு.

பேரம்பலம் டிஸ்பென்சரிக் கதிரையில் உட்கார்ந்து மேடத்திடம் நடந்ததைச் சொன்னார்.

"நேத்துப் பொழுதுபடேக்குள்ள இவர் வாசல்ல வந்து நிண்டவர். உள்ளுக்கு வாங்கோ எண்டால் வரமாட்டாராம். தான் பழுதாக்கின ரத்தத்துக்குத் தன்ர ரத்தத்தைத் தரலாம் எண்டு டொக்டரிட்டப் போய்க் கேட்டவராம். அது நல்ல ரத்தம், உதவாது எண்டிட்டினமாம். உங்கட வீட்டில இருக்கிற பழுதான ரத்தம்தான் வேணும் பேரம்பலம், அதைக் கேட்டு வந்தனான் எண்டார்." அவர் மீசை ஆடியது. "எனக்குச் சிரிப்பு வந்திட்டுது பிள்ளை. பெடியன் போனதுக்குப் பிறகு நான் சிரிக்கேல்ல."

 மேடம், பெண்களைப் பற்றி அவர் சொன்னதை நினைவுபடுத்தினார். இப்படிப் பகலில் எல்லோரும் பார்க்க வந்தால் ஊருக்குத் தெரிந்துவிடுமே.

"தெரியட்டும்" என்றார் பேரம்பலம். "தெரியாமத்தானே பெடியன் போனவன்."

டாக்டர் முதலில் மூன்று பேர் ரத்தத்திலும் ஒவ்வொரு துளி எடுத்து மருந்து கலந்து வைத்தார். நல்ல ரத்தம் என்றால் கொஞ்ச நேரத்தில் மறுபடி சிவக்கும். பழுது இருந்தால் தேநீர் நிறத்திலேயே நிற்கும். நாங்கள் எல்லோரும் அந்தக் குழாய்களைச் சுற்றி நின்றோம். உலகத்தில் எங்கேயும் ரத்தம் சிவந்துவிடக்கூடாது என்று இத்தனை பேர் சேர்ந்து வேண்டியிருக்கமாட்டார்கள். மூன்றும் சிவக்கவில்லை. ஹனிபா நானா சத்தமாக அல்ஹம்துலில்லாஹ் என்றார். பிறகு தான் எதற்கு நன்றி சொன்னோம் என்று நினைத்துப் பதறி, பேரம்பலத்தின் தோளைப் பிடித்துக்கொண்டார். பேரம்பலம் மறுபடி சிரித்தார்.

ஆறடி மனிதருக்கு ஊசியென்றால் பயம் என்பது அப்போதுதான் தெரிந்தது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, ஒரு கையை டாக்டரிடமும் மறு கையை நானாவிடமும் கொடுத்துப் படுத்திருந்தார். பாட்டில் நிறைந்து முடிந்தும் நானாவின் கையை விடவில்லை. முடிந்துவிட்டது ஐயா, நானாவின் விரலையாவது மூதூருக்கு முழுசாகத் திருப்பி அனுப்புங்கள் என்று சொன்னேன். இந்த முறை மேடமே சிரித்தார்.

அந்தச் செய்தி அன்றைக்கே குடாவைத் தாண்டியது. மறுநாள் காலை லாஞ்சில் அந்த உறவில் இன்னும் சில ஆண்கள், பிள்ளைகளோடு, ரத்தம் கொடுக்க அல்ல, சோதித்துப் பார்க்க வந்தார்கள். யார் யாருக்கு எந்த மாத்திரை ஆகாது என்று டாக்டர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்லிக்கொண்டிருந்தார். மகேஸ்வரி அக்கா ஒரு பெரிய கேத்திலில் தேத்தண்ணியோடு அங்கே வந்துவிட்டார். சீனி இல்லை. எல்லோர் உள்ளங்கையிலும் ஒரு சின்னப் பனங்கட்டித் துண்டு வைத்தார்.

பெட்டியை மறுபடி நானாதான் கட்டினார். மேடம் தயக்கமே இல்லாமல் அவரிடம்தான் கொடுத்தார். பாட்டில்களைத் துணியில் சுற்றி, ஐஸ் நேராகக் கண்ணாடியில் படாதபடி நடுவில் வைக்கோல் திணித்து வைத்தார். ஒவ்வொரு கை ஐஸையும் பெட்டியில் போடுமுன் ஒரு துண்டை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். கடலோரத்தில் எதில் உப்பு இருக்கும், எதில் இருக்காது என்று யாருக்குத் தெரியும்? பெட்டி நிறைவதற்குள் அவருக்கு நாக்கு மரத்துப் பேச்சே குழறியது. நான் அதையும் கிண்டல் செய்தேன். அவர் குழறிக்கொண்டே என்னைத் திட்டினார். நல்ல திட்டு. இங்கே எழுத முடியாது.

திரும்பி வந்த கதையை நீட்டப்போவதில்லை. ஒன்றை மட்டும் சொல்லவேண்டும். வழியில் ஐஸ் உருகுமே, புது ஐஸுக்கு எங்கே போவது என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தோம். பஸ் நின்ற ஒரு சந்தியில், எங்களுக்கு முன்பின் தெரியாத ஒரு மனிதர் சாக்கில் சுற்றிய ஐஸ் கட்டியோடு ஜன்னல் ஜன்னலாக எட்டிப் பார்த்துக்கொண்டு வந்தார். எங்கள் பெட்டியைப் பார்த்ததும் நின்றார். "ஹனிபா நானா சொல்லி அனுப்பினவர். உப்பு இல்லை" என்றார். இன்னொரு இடத்தில் அதேபோல இன்னொருவர். மீன் லாரிக்காரர்கள் வழியாக நானா கப்பல் துறை வரைக்கும் சொல்லி வைத்திருக்கிறார். நன்றி சொல்வதற்குள் பஸ் கிளம்பிவிடும். இப்படி நான் நன்றி பாக்கி வைத்திருக்கிறவர்கள் அந்த நாட்டில் அநேகம் பேர். சீனி தந்தவர், கிழங்கு தந்த அம்மாள், எலுமிச்சங்காய்ப் பெரியவர். ஆட்டுக்குட்டியை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

சுங்கத்தில் பெட்டியில் என்ன என்று கேட்டார்கள். மேடம் என்னை முந்திக்கொண்டு, ரத்தம் என்றார். அதே இரண்டடி. போய்விட்டோம்.

சென்னையில் மூன்று பாட்டிலும் முழுசாக இறங்கின. அதன்பிறகு குளிர் அறையில் மாதக்கணக்கில் வேலை. நான் கழுவிய கண்ணாடிச் சாமானை அடுக்கினால் மூதூர் வரை போகும். மேடம் சொன்ன கடுகளவு கிடைத்தது. அதைச் சொட்டுச் சொட்டாக உப்புக் கரைசலில் விட்டு மூடி வைத்தார். பல கிண்ணங்களில் ஒன்றும் வரவில்லை. சிலதில் வெறும் கலங்கல். ஒரு கிண்ணத்தில் மட்டும், உருப்பெருக்கியில் பார்த்தால், கண்ணாடித் துகள் போலக் கூர்மையாகச் சில. நான்தான் கழுவும்போது கிண்ணத்தை உடைத்துவிட்டேனோ என்று பயந்தேன். மேடம் ஊசி முனையால் ஒன்றை மெல்லத் தொட்டார். அது நொறுங்கியது. கண்ணாடி அப்படி நொறுங்காது. நொதிப் படிகம்தான் நொறுங்கும் என்றார். ஒன்றை இழந்து அவர் அவ்வளவு சந்தோஷப்பட்டதை நான் பார்த்ததில்லை.

மிச்சத்தில் ஒன்றை மெல்லிய கண்ணாடிக் குழலுக்குள் வைத்து எக்ஸ்ரே பாய்ச்சினார்கள். படச்சுருளைக் கழுவிக் காயவைத்தது நான். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் வரிசை வரிசையாகப் புள்ளிகள், சில அழுத்தமாக, சில தேடினால்தான் தெரிகிற மாதிரி. இதிலிருந்து உருவம் வரக் கணக்குப் போட்டு முடிக்க இன்னும் வருஷங்கள் ஆகலாம். கோணல் எங்கே என்று அன்றைக்குத் தெரியாது. இதை எழுதுகிற இன்றைக்கும் முழுசாகத் தெரியாது.

நான் வழக்கம்போல ஆரம்பித்தேன். "மேடம், இதுல எந்தப் புள்ளி பேரம்பலம் ஐயா? அந்தப் பெரிசா?"

வழக்கமாக "கழுவியாச்சா" என்று வரும். அன்றைக்கு அவர் படத்தை என் கையிலிருந்து வாங்கி ஜன்னல் பக்கம் பிடித்தார்.

"அப்படிப் பிரிக்க முடியாது சேகர். அந்த நொதியில இருக்கிற ஒவ்வொரு அணுவும் சேர்ந்துதான் ஒவ்வொரு புள்ளியையும் உண்டாக்குது. ஒரு புள்ளியை எடுத்தாலும் அதுல எல்லாமே இருக்கு. மூணு பேரும் இருக்காங்க."

"ஹனிபா நானா?"

இது கிண்டலா இல்லையா என்று எனக்கே தெரியாமல் கேட்டுவிட்டேன். மேடம் படத்தைக் கொஞ்சம் சாய்த்து, மங்கலாகத் தெரிந்த ஓரத்துப் புள்ளிகளை வெகுநேரம் பார்த்தார்.

"அவர் இல்லாமலா?" என்றார்.